பார்வை நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்குக் கண் பரிசோதனை?

குழந்தைகளின் கண்களைச் சோதிப்பது என் தொழில். டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்ப்பது, இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது, சந்தேகம் வந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: பிள்ளைக்கு எவ்வளவு நாளைக்கு ஒருமுறை கண் பார்க்கணும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். நிறைமாதத்தில் பிறந்து, குடும்பத்தில் பெரிய கண் பிரச்சினை எதுவும் இல்லாமல், எந்தப் புகாரும் சொல்லாத குழந்தை என்றால் பிறந்தவுடன் ஒருமுறை, ஒரு வயதுக்குள் ஒருமுறை, 3 வயதிலிருந்து 4 வயதுக்குள் கட்டாயம் ஒருமுறை, ஒன்றாம் வகுப்பு சேரும் முன் ஒருமுறை. அதற்குப் பிறகு பள்ளிப் படிப்பு முடிகிற வரைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை; முடியாமல் போனாலும் இரண்டு வருஷம் தாண்டக் கூடாது. ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு இல்லை, அவர்கள் 6 மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் வரணும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் கதை முழுக்க வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

இதைச் சொன்னதும் அநேகமாக வரும் அடுத்த கேள்வி: “அவன்தான் எதுவும் சொல்லலையே, டிவி எல்லாம் நல்லாத்தானே பார்க்கிறான்?” இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். கண் விஷயத்தில் பிள்ளை அழவே அழாது. பிறந்ததிலிருந்து எல்லாம் மங்கலாகவே தெரிந்தால், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொள்கிறது. முன்பு தெளிவாகப் பார்த்த ஞாபகம் இருந்தால்தானே இப்போது மங்கல் என்று சொல்ல முடியும்? பெரியவர்களுக்கு வயது ஏறும்போது பார்வை குறைந்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நேற்று என்பதே கிடையாது.

அதைவிடச் சிக்கல், ஒரு கண்ணில் மட்டும் குறை இருப்பது. ஒரு கண் தெளிவாக இருந்தால் போதும், அந்தப் பிள்ளை ஓடும், விளையாடும், படம் வரையும், கீழே கிடக்கும் சின்னப் பொருளையும் சரியாக எடுக்கும். அம்மா அப்பாவுக்கு மட்டும் இல்லை, ஆசிரியருக்கும் எதுவும் தெரியாது, ஏன், அந்தப் பிள்ளைக்கே தெரியாது. நான் ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். கைக்குழந்தையாக இருந்தால், சரியாகத் தெரியாத கண்ணை மறைக்கும்போது சும்மா இருக்கும், நன்றாகத் தெரிகிற கண்ணை மறைத்தால் உடனே என் கையைத் தட்டிவிடும், தலையைத் திருப்பும், சிணுங்கும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் மறைப்பானுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். “ஒழுங்கா உட்காரு, ஏமாத்தாதே” என்று பெற்றோர் அதட்டுவார்கள். தயவுசெய்து அதட்டாதீர்கள். அந்தப் பிள்ளை ஏமாற்றவில்லை, மறைக்காத கண்ணில் ஒன்றும் தெரியாததால்தான் எட்டிப் பார்க்கிறது. எனக்கு அந்த எட்டிப் பார்த்தல் ஒரு பெரிய துப்பு.

இப்படி ஒரு கண்ணின் படம் வருஷக்கணக்கில் மங்கலாகவே மூளைக்குப் போனால், மூளை அந்தக் கண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். இதற்கு ஆம்ப்ளியோபியா என்று பெயர், சோம்பேறிக் கண் என்று சொல்வார்கள். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 2, 3 பேருக்கு இருக்கிறது. கண்ணில் நோய் எதுவும் இருக்காது, பார்த்தால் அழகாக, ஆரோக்கியமாகவே இருக்கும். ஆனால் வளர்ந்த பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் முழுப் பார்வை வராது. 1960களில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைக் கொஞ்ச காலம் மூடிவைத்துப் பார்த்தார்கள். பிறகு இமையைத் திறந்தபோது கண் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த செல்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லவே இல்லை. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல மூடிவைத்தால் அந்த மாதிரி ஆகவில்லை. பார்வை உருவாவதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது என்பதை அவர்கள் வேலைதான் தெளிவாகக் காட்டியது. 1981ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. குழந்தைகளுக்கு எந்தெந்த வயதில் கண் பார்க்கணும் என்கிற அட்டவணைகளுக்கு அடியில் இருப்பது இந்தப் பருவம்தான். மனிதக் குழந்தைக்கு அது ஏறக்குறைய 7, 8 வயது வரை நீள்கிறது, முதல் சில வருஷங்களில்தான் அது உச்சத்தில் இருக்கும்.

7 வயதோடு கதவு சட்டென்று மூடிவிடும் என்று முன்பு நினைத்தார்கள், அப்படி இல்லை. அமெரிக்காவில் 2005ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடு நல்ல கண்ணை மறைக்கும் பேட்ச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தபோது பாதிக்குச் சற்று மேலானவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான். 13 வயதைத் தாண்டியவர்களில் பேட்ச் போட்டாலும் போடாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பலன், கால்வாசிதான். ஆக, 10 வயதில் கண்டுபிடித்தால் எல்லாம் போச்சு என்று நினைத்து விட்டுவிட வேண்டாம், சிகிச்சை செய்து பாருங்கள். ஆனால் 4 வயதில் கண்டுபிடித்திருந்தால் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். நடுத்தரக் குறை உள்ள சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் பேட்ச் போட்டாலே 6 மணி நேரம் போட்ட அளவுக்குப் பலன் தருகிறது என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம்தான். நிறையப் பிள்ளைகளுக்குச் சரியான கண்ணாடியை விடாமல் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

சரி, பிறப்பிலிருந்து வருவோம்.

பிறந்த சில நாட்களுக்குள் குழந்தை மருத்துவர் ஒரு சின்ன விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்ப்பார். கண்மணிக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் திரும்பி வரணும், இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி வரணும். வரவில்லை என்றால் பிறவிக் கண்புரையாக இருக்கலாம், அரிதாக ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான பிறவிப் புரை இருந்தால் முதல் 6 முதல் 8 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வதுதான் பார்வைக்கு நல்லது. பாருங்கள், வருஷக் கணக்கு இல்லை, வாரக் கணக்கு. சில நொடிகளில் முடிகிற இந்தச் சோதனை நடந்ததா என்று கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். வீட்டில் எடுக்கிற போட்டோக்களையும் கவனியுங்கள்: ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த பரிசோதனைத் தேதி வரைக்கும் காத்திருக்காமல் அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். படம் எடுத்த கோணத்தாலும் அப்படி வரும், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். இருந்தாலும் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுசாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும் ஆபத்து உண்டு, ஆர்.ஓ.பி. என்பார்கள். எத்தனை வாரம், எத்தனை கிராமுக்குக் கீழே பிறந்தால் பார்க்கணும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஆனால் பிறந்து ஏறத்தாழ 4 வாரத்தில் முதல் பரிசோதனை, அதன்பின் விழித்திரை முழுசாக வளரும்வரை மருத்துவர் சொல்கிற தேதியில் திரும்பத் திரும்ப என்பது பொதுவான நடைமுறை. குழந்தையின் எடை ஏறிவிட்டது, நன்றாகப் பால் குடிக்கிறது என்று சொல்லி இந்தத் தேதிகளில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இதில் நான் ரொம்பவே கறாராக இருப்பேன். சில நாள் தாமதத்தில் நிரந்தரமாகப் பார்வை போகக் கூடிய நோய் இது. ஆர்.ஓ.பி. சரியான பிறகும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது, அதாவது மைனஸ் பவர்), மாறுகண் வருவது மற்றவர்களைவிட அதிகம், அதனால் ஒவ்வொரு வருஷமும் பார்க்கணும்.

முதல் சில மாதம் குழந்தையின் கண்கள் அவ்வப்போது திசைமாறி அலைவது சகஜம். 4 மாதம் ஆன பிறகும் ஒரு கண் உள்ளேயோ வெளியேயோ போகிறது என்றால் அது சகஜம் இல்லை. “வளர வளரச் சரியாயிடும்” என்ற ஒரு வாக்கியம் எத்தனை பிள்ளைகளின் நேரத்தைத் தின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. மூக்குத் தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண் மாதிரி தெரிகிற குழந்தைகளும் நிறைய உண்டு, அவர்களுக்கு உண்மையில் எதுவும் இருக்காது, வளரும்போது அந்தத் தோற்றமும் போய்விடும். எது தோற்றம், எது நிஜம் என்பதை ஒரு சின்ன டார்ச்சையும் ஒரு மறைப்பானையும் வைத்து சில நிமிடத்தில் சொல்லிவிடலாம், அதற்கு வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் யோசிக்க வேண்டியதே இல்லை.

எழுத்தே தெரியாத குழந்தைக்கு எப்படிப் பவர் பார்ப்பீர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனாலேயே “அ ஆ கத்துக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். பவர் கண்டுபிடிக்க குழந்தை ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். ரெட்டினோஸ்கோப் என்ற கையளவுக் கருவியால் கண்ணுக்குள் ஒரு ஒளிக்கோட்டை அனுப்பி, அது உள்ளிருந்து திரும்பி வரும்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, முன்னால் லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்தால் பவர் கிடைத்துவிடும். ஆறு மாதக் குழந்தைக்கும் இது முடியும். கேமரா மாதிரி இருக்கும் ஃபோட்டோ ஸ்க்ரீனர்கள் ஒரு வயதிலிருந்தே ஆபத்துக் காரணிகளைக் காட்டிவிடும். எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று அளக்க, கைக்குழந்தைக்கு ஒரு பக்கம் வெறும் சாம்பல் நிறமும் மறுபக்கம் கோடுகளும் உள்ள அட்டையைக் காட்டுகிறோம், குழந்தை கோடுகளைப் பார்க்கும், கோடு மெல்லிசாகிக்கொண்டே போகும்போது எங்கே நிறுத்துகிறது என்று பார்ப்போம். மூன்று வயதுப் பிள்ளைக்கு வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் போட்ட அட்டை. வாயால் சொல்ல வெட்கப்பட்டால், அதே படங்களை மடியில் கொடுத்து, காட்டுவது எது என்று தொட்டுக் காட்டச் சொன்னால் போதும். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு.

ஒரு நுணுக்கம். எழுத்துக்களைத் தனித்தனியாக ஒவ்வொன்றாகக் காட்டினால் சோம்பேறிக் கண் நன்றாகப் படித்துவிடும். வரிசையாக நெருக்கமாகக் காட்டினால் தடுமாறும். அதனால் வரிசையாகவோ சுற்றிலும் கட்டம் போட்டோதான் காட்டணும்.

இப்போது எந்தெந்த நாட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம், ஏனென்றால் இணையத்தில் தேடினால் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். அமெரிக்க ஆப்டோமெட்ரி சங்கம் 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் ஒருமுறை, 3 முதல் 5 வயதுக்குள் ஒருமுறை, ஒன்றாம் வகுப்புக்கு முன் ஒருமுறை, பிறகு 17 வயதுவரை ஆண்டுதோறும் முழுப் பரிசோதனை என்கிறது. கனடாவிலும் ஏறத்தாழ இதே மாதிரிதான். அதே அமெரிக்காவில் தடுப்பு மருத்துவப் பரிந்துரைகளைத் தரும் நிபுணர் குழு 2017ல் சொன்னது வேறு: 3 முதல் 5 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது பார்வைச் சோதனை வேண்டும், 3 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் செய்ய வேண்டுமா என்று சொல்ல ஆதாரம் போதாது. பிரிட்டனில் பிறந்தவுடனும் 6 முதல் 8 வாரத்திலும் கண்ணைப் பார்க்கிறார்கள், பிறகு 4 முதல் 5 வயதில் பார்வைச் சோதனை.

என் அபிப்பிராயம் என்ன என்றால், இவை எல்லாம் ஒன்று சேர்கிற இடத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். 3 முதல் 5 வயது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. வருஷா வருஷம் முழுப் பரிசோதனை எல்லாப் பிள்ளைக்கும் தேவையா என்பதில்தான் விவாதம், அதற்கான ஆதாரம் 3 முதல் 5 வயதுச் சோதனைக்கு இருக்கிற அளவு பலமானது இல்லை என்பதை, வருஷா வருஷம் வரச் சொல்லும் தொழிலில் இருக்கிற நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் வருஷம் ஒருமுறை என்று சொல்வதற்குக் காரணம் கிட்டப்பார்வை.

பிறக்கும்போது கண்ணின் முன்பின் நீளம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கு 23, 24. இந்த வளர்ச்சி கொஞ்சம் கூடிப்போனால்கூடப் போதும், ஒரு மில்லிமீட்டர் அதிகமானால் ஏறத்தாழ மைனஸ் இரண்டரைக்கு மேல் பவர் வந்துவிடும். பள்ளிக்குப் போகும் வயதில்தான் இது நடக்கிறது, அதிலும் 7 முதல் 10 வயதில் வேகம் அதிகம். சின்ன வயதில் ஆரம்பித்தால் அதிக வருஷம் ஏறும், அதிக வருஷம் ஏறினால் பெரிய பவரில் போய் நிற்கும். பெரிய மைனஸ் பவர் என்பது தடிமனான கண்ணாடியோடு முடிகிற விஷயம் இல்லை, நடுவயதுக்குப் பிறகு விழித்திரை கிழிவது, கண் நீர் அழுத்த நோய், விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலாவின் சிதைவு ஆகியவற்றின் வாய்ப்பையும் கூட்டுகிறது. 2050க்குள் உலகத்தில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கலாம் என்று 2016ல் வெளியான ஒரு கணிப்பு சொன்னது.

வேகம் அதிகமான இந்த வயதில் இரண்டு வருஷம் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? கரும்பலகை தெரியாமல் ஒரு பிள்ளை இரண்டு வகுப்பைத் தாண்டியிருக்கும். கவனம் இல்லை, சோம்பேறி, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறான் என்றெல்லாம் பெயர் வாங்கியிருக்கும். அது ஒருபக்கம். மறுபக்கம், கிட்டப்பார்வை ஏறும் வேகத்தைக் குறைக்க இப்போது வழிகள் இருக்கின்றன, குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, அதற்கென்றே வடிவமைத்த கண்ணாடி லென்ஸ், கான்டாக்ட் லென்ஸ். இவை ஏறிய பவரை இறக்காது. ஏறுவதைத்தான் மெதுவாக்கும். அப்படியென்றால் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு லாபம், இல்லையா? பவர் வருவதற்கு முன்பே ஓரளவு கணிக்கவும் முடியும். 6 வயதுப் பிள்ளைக்குக் கொஞ்சம் பிளஸ் பவர் மிச்சம் இருக்கணும், அது முக்காலுக்கும் கீழே இருந்தால் வரும் வருஷங்களில் மைனஸுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். அம்மா அப்பா இருவருக்குமே கிட்டப்பார்வை என்றால் இன்னும் அதிகம். அந்தப் பிள்ளையை நான் ஒரு வருஷம்கூட விடமாட்டேன், 6 மாதத்தில் வரச் சொல்வேன். கூடவே, தினமும் வெளியே பகல் வெளிச்சத்தில் 2 மணி நேரம் விளையாட விடுங்கள் என்பேன். இது வெறும் அறிவுரை இல்லை. சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு வைத்தார்கள், 3 வருஷத்தில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் 30 சதவீதம், வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39 சதவீதத்துக்கும் மேல். 40 நிமிடத்துக்கு இவ்வளவு வித்தியாசம்.

பள்ளியில் பார்த்துவிட்டார்கள், எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள், பிறகு எதற்கு? இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. பள்ளிச் சோதனை நல்லது, அது இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் எந்தச் சோதனையும் இல்லாமல் போயிருப்பார்கள். ஆனால் அது வடிகட்டும் வேலை. தூரத்தில் எழுத்து தெரிகிறதா என்று பார்க்கிறது. தூரப்பார்வை இருக்கிற பிள்ளை, அதாவது பிளஸ் பவர் உள்ளது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை இறுக்கி அந்தக் குறையைத் தானே ஈடுகட்டி, முழுப் பார்வைக்கு அடையாளமான 6/6 வரியைக் கடகடவென்று படித்துவிடும். பிறகு புத்தகத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது, தலைவலி, எரிச்சல், வரி தவறிப்போகும். சில குழந்தைகளுக்கு 2, 3 வயதிலேயே அப்படி இறுக்கி இறுக்கி ஒரு கண் உள்ளே திரும்பிக்கொள்ளும். அவர்களில் பலருக்கு ஆபரேஷன் எதுவும் இல்லாமல் பிளஸ் கண்ணாடி மட்டுமே கண்ணை நேராக்கிவிடும். முதல்முறை கண்ணாடி போட்டவுடன் கண் நேராவதைப் பார்த்து அழுத அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதனால்தான் முழுப் பரிசோதனையில் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் சொட்டு மருந்து. இதற்குப் பெற்றோர் தயங்குவது எனக்கு நன்றாகப் புரிகிறது, பிள்ளை அழும், கண் எரியும், வெளிச்சம் கூசும், அன்று வீட்டுப்பாடம் நடக்காது. ஆனால் குழந்தையின் கண் லென்ஸ் அவ்வளவு வலுவாக இறுகும், சும்மா பார்த்தால் மைனஸை அதிகமாகவும் பிளஸைக் குறைவாகவும் காட்டும். கம்ப்யூட்டரில் பார்த்தாச்சு என்று கொண்டுவந்த சீட்டில் மைனஸ் ஒன்று இருக்கும், சொட்டு மருந்து போட்டுப் பார்த்தால் பவரே இருக்காது, சில சமயம் பிளஸ்கூட இருக்கும். சைக்ளோபென்டோலேட் என்றால் அரை மணி முக்கால் மணி காத்திருந்தால் போதும், மங்கல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் போய்விடும். அட்ரோபின் என்றால் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட இருக்கும். பரீட்சை சமயத்தில் வராதீர்கள், ஒரு தொப்பி கொண்டு வாருங்கள், அவ்வளவுதான். குழந்தைக்கு முதல்முறையாகக் கண்ணாடி எழுதுகிறவர் சொட்டு மருந்தே போடவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும், போடாவிட்டால் தானாகக் குறையும், கொஞ்சம் குறைத்துப் போட்டால் கண் பழகிக்கொள்ளும் என்பதெல்லாம் தவறு. மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வு 2002ல் வெளியானது, அதில் வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறையவில்லை, முழுப் பவர் போட்டவர்களைவிட வேகமாக ஏறியது. கண்ணாடி கொடுத்தால் படிப்பு தேறுமா என்று சீனாவில் கிராமப்புறப் பள்ளிகளில் பார்த்தார்கள், இலவசமாகக் கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் கூடியது.

சில குழந்தைகளுக்குப் பொது அட்டவணை பொருந்தாது. மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் அழற்சி வரும், சிவப்பு கிடையாது, வலி கிடையாது, தெரியாமலே பார்வையைக் கெடுக்கும், சிலருக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்கணும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு முதல் 6 மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு வருஷா வருஷம். காது கேட்காத குழந்தைக்குக் கண்தான் துணை என்பதால் இரட்டைக் கவனம். முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைக்கு, நோய் வந்து 3 முதல் 5 வருஷம் ஆகி, 11 வயதோ பருவமடைதலோ எது முன்பு வருகிறதோ அப்போதிலிருந்து விழித்திரைப் பரிசோதனை. ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுக்கும் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம்.

நிறக்குருடு பற்றி ஒரு வரி: பல இடங்களில் ஆண் பிள்ளைகளில் 12 பேருக்கு ஒருவர் வரை இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு அபூர்வம். அது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, மாறாது, அதனால் பள்ளி ஆரம்பத்தில் ஒருமுறை பார்த்தால் போதும்.

இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடுவது, அடிக்கடி கண்ணைச் சுருக்குவது, கண் ஆடுவது, இருட்டில் தடுமாறுவது, திடீரென்று இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொல்வது, இதில் எதைப் பார்த்தாலும் போன மாதம்தான் பார்த்தோமே என்று இருந்துவிடாதீர்கள். முன்பு நேராக இருந்த கண் திடீரென்று திரும்பினால் அதே நாள் போகணும்.

பரிசோதனைக்கு வரும்போது பிள்ளை தூங்கி எழுந்து, சாப்பிட்டு வரட்டும், பழைய கண்ணாடியையும் பழைய சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். முடிந்து போகும்போது ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாகப் பார்வை எவ்வளவு, சொட்டு மருந்து போட்ட பிறகு பவர் எவ்வளவு, அடுத்த தேதி எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பவர் இல்லை என்றாலும் வாங்குங்கள், ஒரு வருஷம் கழித்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க அந்தச் சீட்டுதான் வேண்டும். இன்னொன்று, மாறுகண்ணும் சோம்பேறிக் கண்ணும் பெரிய பவரும் குடும்பத்தில் வரக்கூடியவை, ஒரு பிள்ளைக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அதன் தம்பி தங்கைகளையும் அண்ணன் அக்காவையும், புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மாதமே கூட்டி வாருங்கள்.